வெளிறியிருக்கிறாளா என்று கேட்டார்கள்

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொன்னேன். அது சரியான பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். நீ சோலோதுர்ன் ரயிலைப் பிடிக்க அவசரமாக எழுந்தாய், நான் மிஞ்சிய மீன் குழம்பை உனக்குக் கட்டித் தந்தேன், அத்தோடு கதை முடிந்தது. அன்றிலிருந்து தொலைபேசியைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். தொலைபேசியில் என் குரல் தன்பாட்டில் நிமிர்ந்துகொள்ளும். நீயும் அப்பாவும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். இப்போது சொல்லப்போவதை அந்தக் குரலில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் நீ லௌசானில் புது ஆஸ்பத்திரிக்குப் போகிறாய். அதற்கு முன்னால் டொக்டர்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் பிள்ளைகளின் தலைக்காயங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொன்னாய். மீன் முள்ளை எடுத்தபடியேதான் அதைச் சொல்லத் தொடங்கினாய்.

"எல்லாப் பிள்ளையளும் விழுகுதுகள், அம்மா. ஆனா வெளிநாட்டுப் பிள்ளையள், அதிலையும் கறுத்த பிள்ளையள், கூடுதலா மண்டை அடிபட்டு வருகுதுகள். வரேக்கை நிலைமையும் மோசமா இருக்கு."

"ஏன், அதுகளின்ரை மண்டை வேறையோ?" என்று கேட்டேன்.

"மண்டை எல்லாருக்கும் ஒண்டுதான். விளையாடுற இடம்தான் வேறை. புல்லுக்குப் பதிலா கொங்கிறீற்று. தாய் தேப்பன் ரெண்டு பேரும் வேலை. ஹெல்மெட் இல்லை. அதெல்லாம் விளங்குது. ஆனா பிந்தி வருகினம், அம்மா. அதுதான் எனக்கு விளங்கேல்லை. உங்கட கட்டடத்திலை எத்தினை நாட்டுச் சனம் இருக்கு? அந்தத் தாய்மாரோடை ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன், ஏன் பிந்துகினம் எண்டு."

"அது வளர்ப்பு, தம்பி. நாங்கள் உன்னை அப்பிடி விட்டனாங்களோ?"

"எங்கட பிள்ளையளும் அந்தக் கணக்குக்குள்ளைதான் இருக்குதுகள்."

"எங்களை அவையளோடை சேர்க்காதை" என்றேன்.

நீ முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாய். சின்ன வயதில் நான் கண்டிக்கும்போது குனிந்துகொள்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாய். அந்த நேரம் என் வீட்டுக்கு நேர் கீழே ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுப் பிள்ளை மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் ஏன் பிந்திப் போனாள் என்பது அவளுடைய தாய்க்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும்.

முதலில் உன்னுடைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். உனக்கு நாலு வயது நிரம்பவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஓர் அறையில் இருந்தோம். இரண்டடுக்குக் கட்டிலின் மேல் அடுக்கிலிருந்து நீ விழுந்தாய். கொஞ்ச நேரம் அழுதாய். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அழுகையைவிட அந்த அமைதிதான் என்னைப் பயப்படுத்தியது. ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் இளம் ஆள். உன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, கொண்டுபோங்கள் என்றார். பக்கத்தில் நின்ற தாதியிடம் ஜேர்மனில் ஏதோ சொல்லிக் கையை வீசினார். அந்த மொழி அப்போது எனக்கு விளங்காது. ஆனால் இந்தச் சனம் எல்லாவற்றையும் பெரிதாக்கும் என்பதுதான் அந்தக் கைவீச்சின் பொருள் என்று விளங்கியது. மதர் சுப்பீரியருக்கு முன்னால் நிற்பதுபோல நேராக நின்று, கொன்வென்டில் படித்த ஆங்கிலத்தில், "இவன் வெளிறிவிட்டான்" என்றேன். இந்தத் தோலில் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் உன் கீழுதட்டைப் பெருவிரலால் இழுத்து உள்பக்கத்தைக் காட்டினேன். இரத்தமே ஓடாததுபோல இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். அதன் பிறகுதான் உன் தலையைப் படம் எடுத்தார்கள். மண்டை ஓட்டில் மெல்லிய வெடிப்பு இருந்தது.

இந்தக் கதையை நான் சொல்லாத இடம் இல்லை. மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது சொல்லியிருக்கிறேன், கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அப்பா இருந்தவரைக்கும் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பார். "இவ அண்டைக்குப் பெடியன்ரை சொண்டைப் பிடிச்சு இழுத்துக் காட்டினவா. அண்டையிலை இருந்து என்ரை சொண்டைத்தான் திறக்க விடுறேல்லை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கோபப்பட்டதுபோல அவரைப் பார்ப்பேன். உண்மையில் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். படித்த தாய் என்பவள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொள்வேன்.

கீழ் வீட்டில் இருக்கும் செனாயித்தை நீ படிகளில் கண்டிருப்பாய். எரித்திரியாவிலிருந்து வந்தவள், லுசேர்ண் ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்குகிறாள். புருஷன் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. மகள் ரூத்துக்கு ஆறு வயது. அவர்களுடைய மொழியில் தாயை அதெய் என்பார்களாம், செனாயித் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். எம்மன்புரூக்கேயில் இந்தக் கட்டடத்துக்கு நான் வந்த நாளிலிருந்து, ஜேர்மன் வராத பெண்கள் தொலைபேசி எடுக்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்துக்கு, விசா அலுவலகத்துக்கு, பல் வைத்தியருக்கு எல்லாம் நான்தான் கதைப்பேன். நான் அதைச் சேவை என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்று முடிவு செய்பவளும் நானாகவே ஆகிவிட்டேன். சும்மா சும்மா எடுத்துத் தொந்தரவு கொடுத்தால் சுவிஸ்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அவர்களுக்குப் பாடம் எடுப்பேன். எங்கள் சனத்தை இவர்கள் ஒரு காலத்தில் எப்படிப் பேசினார்கள் என்பதும், பிறகு எங்கள் உழைப்பைப் பார்த்து எப்படி மாறினார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த நல்ல பெயரை நான் வீட்டுச் சாமான்போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

கோடை முடிகிற ஒரு சனிக்கிழமை பின்னேரம், ரூத் காலால் உந்தி ஓடும் சின்ன ஸ்கூட்டரில், கார்கள் நிலத்தடிக்கு இறங்கும் சரிவில் போய் விழுந்தாள். இங்கே பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே சறுக்கு அதுதான். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. செனாயித் அவளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மணியை அடித்தாள். பிள்ளை அழவில்லை. தாயின் தோளில் தலையை வைத்தபடி என் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த கணமே எனக்கு உன் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிள்ளைகளுக்கான அவசர ஆலோசனை எண்ணுக்கு எடுத்தேன். மறுமுனையில் ஒரு தாதி, இனிமையான குரல். நான் இரண்டு வசனம் சொன்னதும், "நீங்கள் எவ்வளவு அழகாக ஜேர்மன் பேசுகிறீர்கள்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாள் என்று கேட்டார், சொன்னேன். மயங்கினாளா, இல்லை. சத்தி எடுத்தாளா, ஒரு தரம், படியில். பிறகு, வெளிறியிருக்கிறாளா என்று கேட்டார்.

அதற்கு முன்னாலிருந்தே செனாயித் என் முழங்கையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஜேர்மனைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "அதெய், நிறம் நல்லம் இல்லை. என் பிள்ளை நிறம் போய். சொல்லுங்கள்." ரூத்தின் வாயை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் பொறு, நான் கதைக்கிறேன்" என்று அவளை அதட்டினேன். பிறகு கையை எடுத்துவிட்டு அந்த இனிய குரலிடம் சொன்னேன்: "இல்லை. எரித்திரியப் பிள்ளை, நல்ல கறுப்பு. வெளிறினாலும் எங்கே தெரியப்போகிறது?" சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவரும் இலேசாகச் சிரித்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மகனே, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. இரண்டு படித்த பெண்கள் ஒரு பக்கத்தில் நின்று சிரித்தோம். மறுபக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளையின் உதட்டைக் காட்டியபடி நின்றாள். அன்று விடுதியிலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் நின்ற இடம் அது. சிரிக்க எனக்கு என்ன தகுதி இருந்தது? கொன்வென்டில் கிறிஸ்மஸ் நாடகத்தில் மாதாவாக நிற்கச் சிவந்த பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். வசனம் முழுவதும் எனக்குப் பாடம், குரலும் நல்ல குரல். ஆனாலும் வருடா வருடம் எனக்குப் பஞ்சுத் தாடி ஒட்டி மேய்ப்பனாக நிறுத்தினார்கள். அந்தத் தாடியின் அரிப்பை நான் மறக்கவில்லை. மறக்காமல் இருந்து என்ன செய்தேன்? நீ முற்றத்தில் விளையாடினால், வெயிலில் கறுத்துப்போவாய் என்று உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், மாறுதல் ஏதும் இருந்தால் உடனே வாருங்கள் என்று தாதி சொன்னார். அவர் கேட்டவற்றுக்குக் கிடைத்த பதில்களை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நான் அதைச் செனாயித்துக்குச் சொன்னேன். "நிறம்?" என்று மறுபடியும் கேட்டாள். "அது ஒன்றுமில்லை, நித்திரை கொள்ளட்டும்" என்றேன். என் பங்குக்கு ஒன்றும் சேர்த்தேன்: "எடுத்ததற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" எங்களை என்றேன். உன்னிடம் அவர்களோடு சேர்க்காதே என்ற நான், அவளை அடக்கி வைப்பதற்கு மட்டும் என்னோடு சேர்த்துக்கொண்டேன்.

காலையில் ரூத்தை எழுப்ப முடியவில்லை. அம்புலன்ஸ் வந்தபோது நான் பூசைக்குப் போக வெளிக்கிட்டு நின்றேன். அன்றைக்கே மண்டைக்குள் கட்டியிருந்த இரத்தத்தை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துவிட்டாள். இடது கால் இழுக்கிறது, சொற்கள் தேடித் தேடி வருகின்றன. பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார்களாம். எவ்வளவு சரியாகும் என்பதை என்னைவிட நீ நன்றாக அறிவாய்.

சில வாரங்களின் பின் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு இளம் பெண் வந்தாள். விழுந்த பிள்ளையைத் தாய் ஏன் இரவு முழுவதும் வைத்திருந்தாள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அயலவர்களையும் விசாரித்தாள். என் வீட்டுக் கதிரையில் இருந்து, நான் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு, "அந்தத் தாய் கவனமானவளா?" என்று கேட்டாள். "அவளுக்கு வேலை கூட. பிள்ளை பெரும்பாலும் முற்றத்தில் தனியாகத்தான் நிற்கும்" என்று சொன்னேன். இரண்டும் உண்மை. பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்த பிள்ளை நான். ஒரு பொய்யும் சொல்லாமல், ஒரு தாயின் பிள்ளையை அவளிடமிருந்து பிரிப்பதற்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது ரூத் தாயிடம் வருவதா, வேறு குடும்பத்திடம் போவதா என்பதை வருகிற வியாழக்கிழமை அந்த அலுவலகத்தில் கூடிப் பேசப்போகிறார்கள்.

நீ போன மறுநாள் கீழே இறங்கிப் போனேன். அவள் வேலை முடிந்து வந்து, பிள்ளையைப் பார்க்கப் போக உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கோப்பிக்கொட்டையை வறுக்கத் தொடங்குவாள், வாசம் என் வீடு வரைக்கும் வரும். அன்று அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். தொலைபேசியில் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், சிரித்ததையும் சொன்னேன்.

"எனக்குத் தெரியும், அதெய்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ப்ளாஸ். வெளிறினது. அந்தச் சொல் தெரியும். ஹோட்டலில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். எல்லாரும் சொன்னார்கள், ப்ளாஸ், ப்ளாஸ். அன்றைக்கு நீங்கள் இல்லை என்று சொன்னீர்கள். நான் பக்கத்தில்தானே நின்றேன்."

"தெரிந்துமா பேசாமல் இருந்தாய்?"

"பேசினேன். உங்களிடம் பேசினேன். தொலைபேசி உங்கள் கையில்."

அவள் இருக்கச் சொல்லவில்லை, நானே கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்மேல் உள்ள மரியாதையால் என்று சொல்வாள் என உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். இந்த வயதிலும் எனக்கு அந்த ஆசை இருந்தது.

"நான் சொன்னால் என்ன எழுதுவார்கள்? பிள்ளையையும் பார்க்கவில்லை, கிழவி மேல் பழியும் போடுகிறாள் என்று எழுதுவார்கள்" என்றாள். சப்பாத்தைக் கட்டிக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னாள். "நீங்கள் சொன்னால் நம்புவார்கள்."

மன்னித்துக்கொள் என்றேன். அவள் கதவைப் பூட்டுவதற்கு நான் வெளியே வரும்வரை பொறுத்து நின்றாள். படியில் இறங்கும்போது, "வியாழன். காலை" என்றாள், அவ்வளவுதான்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. எல்லாத் தாய்மாரும் ஏன் பிந்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி பிந்தியதற்கு நான் காரணம். உன் மண்டபத்தில் நீ படம் போட்டுக் காட்டும்போது, கறுத்த பிள்ளைகளின் கோடு மற்றக் கோடுகளைவிட உயர்ந்து நிற்கும் அல்லவா, அந்த உயரத்துக்குள் உன் அம்மாவின் வேலையும் இருக்கிறது. இதைச் சொல்லிக் காட்ட விரும்பினால் சொல்லு. என்னைப் பாதுகாக்க வேண்டும் என்று எதையும் மழுப்பாதே. வெளிறியிருக்கிறாளா என்று மட்டும் கேட்டுவிட்டு விடக் கூடாது என்று உன்னோடு வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடு. உதட்டின் உள்பக்கத்தையும் இமையின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லு. காலையில் இருந்த பிள்ளைபோல இருக்கிறாளா என்று தாயைக் கேட்கச் சொல்லு. தாய்க்காக வேறு ஒருத்தி கதைத்தால், எவ்வளவு அழகாகக் கதைத்தாலும், பின்னால் கேட்கிற குரல் என்ன சொல்கிறது என்று விசாரிக்கச் சொல்லு. பிந்தி வந்தவளிடம் ஏன் பிந்தினாய் என்று கேட்டால் அவள் வாயை மூடிக்கொள்வாள். இங்கே வர முன்னம் யாரிடம் போனாய் என்று கேள்.

உன் கதையை இனி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அப்பா எடுத்துக் கொடுத்துச் சிரித்ததை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. அவர் இருந்திருந்தால் அன்று பின்னேரம் என் பின்னால் நின்று, "சொண்டைப் பாரும்" என்று சொல்லியிருப்பார். இல்லாத மனிதரின் மேல் என் வேலையைச் சுமத்துகிறேன் என்பதும் விளங்குகிறது.

இதை வாசித்ததும் நீ ரயில் பிடித்து வர நினைப்பாய். எனக்கு வயது போய்விட்டது, அன்று குழம்பிவிட்டேன் என்று அவர்களுக்கு விளக்கம் சொல்ல விரும்புவாய். வராதே. நீ வந்தால் டொக்டரின் தாய் என்று எனக்கு நல்ல கதிரையாகப் பார்த்துப் போடுவார்கள், செனாயித் பின்னால் நிற்பாள். நான் குழம்பவில்லை, நன்றாக விளங்கித்தான் சொன்னேன். அதையே அவர்களுக்குச் சொல்லப்போகிறேன். துணைக்கோ மொழிபெயர்க்கவோ ஒருவரும் தேவையில்லை. என் ஜேர்மன் போதும். அன்றைக்கும் அது போதுமானதாகத்தான் இருந்தது.

அம்மா